இரண்டு தள்ளி இருந்த அலனின்

வெண்மதி பயந்த சுபாவம். கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ரகம். நெல்லிக்குப்பத்தில் கரும்பு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா வீடு திரும்பக் கொஞ்சம் தாமதமானாலும், சின்ன வயதில் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து கால் தேய்ந்தவள். அந்தப் பயம்தான் அவளைப் படிக்கவும் வைத்தது. எழுதிய விடையை நாலு தடவை பார்க்காமல் பேப்பரைக் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே தடவை பார்த்துவிட்டு எழுந்துவிட்டாள். அதுவும் பெற்ற மகள் விஷயத்தில்.

வீடு கடலூரில், மஞ்சக்குப்பத்தில். வேலை சிதம்பரத்தில், ஒரு கல்லூரியில் பேராசிரியை. புரதத்தைப் பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி. புரதம் என்பது அமினோ அமிலங்களை மணிமணியாகக் கோத்த நீளமான சரம். அந்தச் சரம் சும்மா தொங்காது; சுருண்டு மடங்கி ஒரு பொட்டலமாகிவிடும். சரத்தில் எங்கோ இருக்கிற மணி, மடங்கியபின் வேறெங்கோ இருக்கிற மணியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். எது எதைத் தொடுகிறது, எத்தனை பேரைத் தொடுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் பார்ப்பதுதான் வெண்மதியின் தொழில். உள்ளே நாலாபக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்கிற மணியை மாற்றினால் பொட்டலமே குலைந்துபோகலாம். வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தனியாக நிற்பதை மாற்றினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இருபது வருஷமாக இதைச் சொல்லித்தான் அவள் சம்பளம் வாங்குகிறாள்.

போன வருஷம் அவள் தம்பி சேரன் தேவனாம்பட்டினம் கடற்கரையில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவன், பந்தை எடுக்கக் குனிந்தான், நிமிரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் நெஞ்சை அழுத்தித் தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தான். இதயத் தசை தடித்திருக்கிறது, பரம்பரையாக வரலாம் என்றார்கள். ரத்தத்தைச் சோதித்ததில், தசைப் புரதம் ஒன்றில் அலனின் என்ற சின்ன மணி இருக்க வேண்டிய இடத்தில் அதைவிடப் பருத்த வாலின் என்ற மணி உட்கார்ந்திருந்தது. வீட்டில் எல்லோருக்கும் பார்த்தார்கள். வெண்மதிக்கும் அது இருந்தது. அவள் மகள் சுவேதாவுக்கும் இருந்தது.

சுவேதா பத்தாம் வகுப்பு. நானூறு மீட்டர் ஓடுகிறவள்.

டாக்டர் நல்ல மனுஷர், தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். "இது கெட்ட மாற்றமா இல்லையான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா. எக்கோ ஸ்கேன் நல்லாத்தான் இருக்குது. புதுச்சேரியில பெரிய டாக்டர் பாக்குற வரைக்கும் ஓட்டம் மட்டும் வேணாம்."

புதுச்சேரி டாக்டர் கொடுத்த தேதி அடுத்த மாதத்தில் இருந்தது. மாவட்டப் போட்டி அதற்கு முன்பே வந்துவிட்டது. சுவேதா அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. அம்மாவின் லேப்டாப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ம்மா, அந்த டாக்டருக்குத் தெரியலன்னா நீ பாரேன். உனக்குத் தெரியாத புரோட்டீனா? நீ வேணாம்னு சொல்லு, நான் ஓடல."

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வெண்மதி புரதத்தின் வடிவத்தைத் திரையில் திறந்தாள். மாற்றம் எத்தனையாவது மணியில் என்று ரிப்போர்ட்டில் போட்டிருந்த எண்ணைத் தட்டினாள். அலனின் வந்து நின்றது. ரிப்போர்ட்டிலும் அலனின்தான், சரி. ஒரு சுருளின் மேல், வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் ஆளே இல்லாமல் நின்றது அந்த அலனின். கணக்குப் போட்டுப் பார்த்தாள். அது தொட்டுக்கொண்டிருந்தது பெயருக்கு ஒன்றிரண்டு பேரைத்தான். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது அவளுக்கு. எந்தப் பதில் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்தாளோ அதுவே வந்துவிட்டது. வந்த பிறகு மறுபடி பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. இவ்வளவுதான் நடந்தது.

"ஒண்ணுமில்லடி, வெளிப்பக்கம்தான் இருக்குது. ஓடு" என்றாள்.

அவள் கணவர் அருள்முருகன் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறவர். பெண்டாட்டியின் படிப்பின் மேல் அவருக்கு அபார நம்பிக்கை. "டாக்டர் வேணாம்னாரே மதி" என்று ஒரு வார்த்தை சொன்னதோடு சரி.

போட்டி சனிக்கிழமை. அன்றைக்குப் பார்த்துச் சிதம்பரத்தில் ஸ்பெஷல் கிளாஸ். மாணவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வருஷா வருஷம் சொல்கிற எச்சரிக்கையை வெண்மதி இந்த வருஷமும் சொல்ல ஆரம்பித்தாள்.

"நம்பரை மட்டும் நம்பாதீங்க. சில புரதங்கள்ல சரத்தோட தலைப்புல இருக்கிற ரெண்டு மணியை உடம்பே வெட்டி எடுத்துடும். வடிவத்தைக் கண்டுபிடிச்சவங்க வெட்டினதுக்கு அப்புறம் எண்ணியிருப்பாங்க. ஜீன் ரிப்போர்ட்ல வெட்டுறதுக்கு முன்னாடி எண்ணியிருப்பாங்க. ரெண்டுக்கும் ரெண்டு..."

சுவேதாவின் ரிப்போர்ட்டிலிருந்து தட்டிய எண் சட்டென்று நினைவுக்கு வந்தது. மாணவர்கள் காத்திருந்தார்கள். அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, மகளுடைய புரதத்தைத் திறந்தாள். இரண்டு தள்ளிப் பார்த்தாள். அங்கேயும் ஓர் அலனின். அதனால்தான் அன்றைக்குச் சந்தேகமே தட்டவில்லை. சுருளில் இரண்டு தள்ளினால் பக்கமே மாறிவிடும். இந்த அலனின் உள்பக்கம் பார்த்து, எள் போட்டால் எள் விழாத நெருக்கத்தில் நின்றது. அந்த இடத்தில் பருத்த வாலினை நுழைத்தால் சுற்றி இருப்பவை எங்கே போகும்? சேரன் மணலில் கவிழ்ந்து கிடந்தது கண்ணுக்குள் வந்தது.

வகுப்பை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து, மகளோடு மைதானத்துக்குப் போயிருந்த அருள்முருகனுக்குப் போன் அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப் என்றது. மகள் ஓடுவதை வீடியோ எடுக்கும்போது யாராவது கூப்பிட்டால் பதிவு நின்றுவிடும் என்று போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவைப்பது அவர் வழக்கம். எடுத்த பிறகு மாற்ற மறந்துபோவதும் வழக்கம். பாழாய்ப்போன வீடியோ என்று முதல்முறையாக அவரை மனசுக்குள் திட்டினாள்.

கடலூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறினாள். சுவேதாவின் பள்ளி பி.டி. டீச்சர் சந்திரலேகாவுக்கு விடாமல் அடித்தாள். புதுச்சத்திரம் தாண்டியபோது எடுத்தார். பின்னால் மைக் அலறியது.

"மேடம், முதல் சுத்து ஹீட்ஸ்ல ஃபர்ஸ்ட் வந்துட்டா உங்க பொண்ணு. சாப்பாட்டுக்கு அப்புறம் ஃபைனல்."

"டீச்சர், அவள ஓட விடாதீங்க, டீச்சர்."

"ஒண்ணும் கேக்கலைங்க, இங்க ஒரே சத்தம். நீங்க வாங்க, நேர்ல பேசிக்கலாம்." போன் கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்ததே தவிர யாரும் எடுக்கவில்லை.

ஓடி முடித்துவிட்டாள், உயிரோடு இருக்கிறாள். அது போதும் என்று ஒரு நிமிஷம் இருந்தது. அடுத்த நிமிஷமே இன்னொரு ஓட்டம் இருக்கிறது என்கிற நினைப்பு வந்துவிட்டது. ஆலப்பாக்கத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். கண்டக்டரிடம் போய், "அண்ணே, கொஞ்சம் அவசரம், வண்டிய எடுக்கச் சொல்லுங்களேன்" என்றாள். "எல்லாருக்கும் அவசரந்தாம்மா" என்றார் அவர். வெண்மதி அழுதுவிட்டாள். கண்டக்டர் பயந்துபோய் டிரைவரைக் கூப்பிட்டார்.

கடலூர் முதுநகரான ஓ.டி.யிலேயே இறங்கி ஆட்டோ பிடித்து மைதானத்துக்குப் போனபோது, பெண்கள் நானூறு மீட்டருக்குப் பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சுவேதா ஸ்பைக்ஸ் ஷூ மாட்டிக்கொண்டு கோட்டுக்குப் பக்கத்தில் துள்ளிக்கொண்டிருந்தாள். வெண்மதி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விசில் ஊதியவரையும் தாண்டி நேராகப் போய் அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாம் சுவேதா. வந்துடு."

"ம்மா, என்னாம்மா இது? எல்லாரும் பாக்குறாங்க."

"நான் தப்பா பாத்துட்டேன். ரெண்டு தள்ளி இருந்தத உன்னுதுன்னு நெனச்சுட்டேன். உன்னுது உள்ளதான் இருக்குது."

"உள்ள இருந்தா? மாமா மாதிரி விழுந்துடுவேனா?"

ஆமாம் என்று சொன்னால் அது பொய். இல்லை என்று சொன்னால் அது இன்னும் பெரிய பொய். "தெரியல" என்றாள் வெண்மதி. "எனக்குத் தெரியலடி. அன்னைக்கே அதத்தான் நான் சொல்லியிருக்கணும்."

மகள் கத்துவாள், கையை உதறிவிட்டுக் கோட்டுக்குப் போவாள் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். சுவேதா அப்படியே தரையில் உட்கார்ந்து, சட்டையில் குத்தியிருந்த நம்பர் துணியை எடுக்க ஆரம்பித்தாள். ஊக்கு சட்டென்று கழலவில்லை. அதற்குள் அருள்முருகன் போனும் கையுமாக ஓடி வந்துவிட்டார்.

சுவேதா அப்பாவைப் பார்க்கவில்லை. குனிந்த தலையோடு அம்மாவிடம் மட்டும் சொன்னாள். "காலையில கடைசி வளைவுல கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சும்மா. காது அடச்சுப்போச்சு. நிக்கலாம்னு பாத்தேன். நீதான் ஒண்ணுமில்லன்னு சொன்னியே, அதான் ஓடிட்டேன்."

ஆஸ்பத்திரிக்குப் போக அருள்முருகன் ஆட்டோவை மைதானத்துக்குள்ளேயே கூட்டிவர ஓடினார். அது வருகிறவரை வெண்மதி மகளை எழுந்து நிற்கக்கூட விடவில்லை.