பூசி மெழுகாத கார்டு

அவளுக்குக் கோபம் வந்தால் வீட்டில் யாரும் பயப்படமாட்டார்கள். அவள் கோபத்துக்கு முதல் காரணமே அதுதான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திய காலத்தில் அவள் கண்ணை உருட்டினால் வகுப்பே கப்சிப். கல்யாணமாகி ஊர் மாறியதில் அந்த வேலை போயிற்று. அதோடு அவள் கோபமும் செல்லாக்காசாகிவிட்டது.

இப்போது, கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து ஒரு நிறுவனத்துக்கு அனுப்புகிறாள். கூடத்தை ஒட்டிய சாமான் அறையைக் காலி செய்து, சுவரில் பழைய மெத்தைகளை அடித்து, ஒரு மைக்கும் கணினியும் வைத்துக்கொண்டாள். வாசித்து முடித்ததும் பதிவைத் திரும்பக் கேட்டு, தான் மூச்சு வாங்கும் சத்தத்தையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டி எறிவாள். இதைப் பார்த்த கொழுந்தன் அவளுக்கு மூச்சுக்காரி என்று பெயர் வைத்தான். புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். தம்பி எதைச் சொன்னாலும் ஒத்து ஊதுவதற்கென்றே பிறந்தவன் அவன்.

கொழுந்தன் சகலமும் தெரிந்தவன். யார் வீட்டில் எது வாங்கினாலும் நடுவில் மூக்கை நுழைக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அவளுடைய கணினியில் ஒலியைக் கவனித்துக்கொள்ளும் சவுண்ட் கார்டை வாங்கிப் பொருத்தியதும் அவன்தான். கம்ப்யூட்டர் விளையாட்டுப் பிரியர்களுக்கென்று செய்தது. சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும். அதில் கேட்டபோது தன் குரல் இவ்வளவு இனிமையா என்று அவளுக்கே ஆச்சரியம். கொழுந்தனுக்கு நன்றி வேறு சொல்லித் தொலைத்தாள். இன்று நினைத்தாலும் அந்த நன்றிதான் அவள் வயிற்றை எரிக்கிறது.

ஒளிச்சேர்க்கைப் பாடம் திரும்பி வந்தது. பின்னால் யாரோ பேசுவது கேட்கிறதென்று பிள்ளைகளே புகார் சொன்னார்களாம். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை கேட்டாள். ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. உங்கள் காதைத்தான் சோதிக்கவேண்டும் என்று சுடச்சுடப் பதில் எழுதிப் போட்டாள். அடுத்த பாடமும் திரும்பி வந்தது. இன்னொரு முறை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்ற எச்சரிக்கை கூடவே வந்தது. பிள்ளைகள் பொய் சொல்கிறார்களா, தனக்குக் காது போய்விட்டதா என்று தெரியாமல் அவள் தவித்தாள். இந்த வேலையும் போனால் இந்த வீட்டில் தான் வெறும் சமையற்காரிதான் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

நிறுவனத்தின் ஒலிப்பதிவாளரான பெண்ணே தொலைபேசியில் அழைத்தாள். என்ன பேச்சு கேட்கிறது என்று இவள் கேட்டதற்கு, ஏதோ ஆண் குரல்கள் என்று இழுத்தாள். அதற்குமேல் சொல்லக் கூச்சப்பட்டாள். எந்த சவுண்ட் கார்டில் கேட்கிறீர்கள் என்று விசாரித்தாள். பதில் கிடைத்ததும் பெருமூச்சு விட்டாள்.

"அது உங்களுக்குப் பிடிச்ச மாதிரி பூசி மெழுகித்தான் குடுக்கும், மேடம். சின்னச் சத்தம் எதுவா இருந்தாலும் இரைச்சல்னு அதுவே அமுக்கிடும். கோப்புல எல்லாம் அப்படியே இருக்கும். உங்களைத் தவிர எல்லாருக்கும் கேக்கும்."

அந்தப் பூச்சு வேலையை நிறுத்தும் வழியையும் அவளே சொன்னாள். நிறுத்திப் பார்த்தால், கணினியை அணைத்துப் போட்டதும் அது மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. எப்படிப்பட்டது வேண்டுமென்று ஒலிப்பதிவாளரிடமே கேட்டுக்கொண்டு, கார்டையே மாற்றுவதென்று முடிவு செய்தாள். கூப்பிடாமலே கொழுந்தனும் கடைக்கு வந்தான்.

கடைக்காரர் அட்டைப்பெட்டிகளை அடுக்கி, எட்டு ஸ்பீக்கர், திரையரங்க ஒலி, இன்னும் என்னென்னவோ அளந்தார். கொழுந்தன் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டான். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எனக்கு எதுவும் நல்லா கேக்க வேண்டாங்க. கோப்புல இருக்கறத ஒரு எண்கூட மாத்தாம ஆப்டிகல் கேபிள் வழியா வெளிய விடணும். அப்படி எது இருக்கு?"

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய், தூசு தட்டி ஒரு கார்டைக் கொண்டுவந்தார். பச்சைத் தகடு, பின்பக்கம் அந்தக் கேபிளைச் செருக ஒரு துளை, அவ்வளவுதான். இதில் லைட்டுகூட இல்லையே என்று கொழுந்தன் முகம் சுளித்தான். அதனாலேயே அவளுக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று.

வீட்டுக்கு வந்து அவளே பொருத்தினாள். அறையிலிருந்த ஸ்பீக்கர்களின் ஆம்ப்ளிஃபயரில் கேபிளைச் செருகி, திரும்பி வந்த பாடத்தை ஓடவிட்டாள். தேன் குரலைக் காணோம். தொண்டை கட்டிய, களைத்த, அவளுடைய சொந்தக் குரல் வந்தது. இலைகள் தமக்கு வேண்டிய உணவைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன என்று சொல்லி நிறுத்தியது. அந்த இடைவெளியில், சுவருக்கு அப்பாலிருந்து, சன்னமாக, ஆனால் தெளிவாக இரண்டு குரல்கள் வந்தன. வாசித்தபோது காதில் ஹெட்போன் இருந்ததால் அவை அவளுக்கு எட்டியிருக்கவில்லை. அவள் மறுபடி கேட்டாள். ஒலிப்பதிவாளர் ஏன் இழுத்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. அவமானத்தில் முகம் கொதித்தது.

அழவில்லை. ஸ்பீக்கர்களை வயரோடு இழுத்துக்கொண்டுபோய்க் கூடத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். அண்ணனும் தம்பியும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். புதுக் கார்டு எப்படிக் கேட்கிறதென்று பார்க்கச் சொல்லி, பாடத்தை ஓடவிட்டாள். இதுக்குப் பழசே எடுப்பா இருந்துதே என்று கொழுந்தன் ஆரம்பித்தான். அதற்குள் ஸ்பீக்கரில் இலைகள் உணவைத் தயாரித்து முடித்து, அந்த இரண்டு குரல்களும் வந்துவிட்டன.

"அந்த ரூமை எனக்குக் குடுத்துடுண்ணா. அண்ணி வாசிக்கறத யாரு கேக்கப்போறா?"

"கொஞ்ச நாள் பொறுடா. அவளே அலுத்துப்போய் விட்டுடுவா."

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது, மூச்சு வாங்கியது உட்பட, ஒன்றும் விடாமல் கேட்டது.

கொழுந்தன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். புருஷனுக்கு முகம் செத்துவிட்டது.

"இதை... வேற யாராவது கேட்டாங்களா?" என்றான்.

"பாடம் படிக்கிற பசங்க எல்லாரும் கேட்டாச்சு. கடைசியா நான்தான் கேட்டேன்."

ஸ்பீக்கர்களை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். மைக்கைத் திறந்து, ஒளிச்சேர்க்கையை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். பாடம் முடியும்வரை கூடத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.