எடை குறைந்தபோது கைதட்டினோம்

அமுலு போய்விட்ட செய்தியை எனக்குச் சொன்னவர் சைக்கிள் கடை தணிகாசலம் அண்ணன். நான் வேலைக்குப் போகிற காலை ரயிலில் இருந்தேன், திருவாலங்காடுகூடத் தாண்டவில்லை. போனில் அவர் பெயரைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. நேரில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் நாங்கள். வேறு எதற்காக அவர் என்னைக் கூப்பிடப் போகிறார்? "வசந்தி, முடிஞ்சிபோச்சிம்மா. உன்கிட்ட நானே சொல்லணும்னு தோணிச்சி" என்றார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திருத்தணிக்குத் திரும்பும் ரயிலுக்காக நின்றேன். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை. இந்த எழுத்தில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் தெருவில் பகலெல்லாம் விசைத்தறி ஓடும். பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். சாவு விழுந்தால் மட்டும், எடுக்கும்வரை ஒரு வீட்டிலும் தறி ஓடாது. அன்று நான் உள்ளே நுழைந்தபோது அமுலுவின் அம்மா அழுவது தெருமுனைவரை கேட்டது. ஐஸ் பெட்டிக்கு அந்தப் பக்கம் சைக்கிள்காரர்கள். இந்தப் பக்கம் பாறை ஏறுகிற நாங்கள். இத்தனை வருஷத்தில் இரண்டு கூட்டமும் ஓரிடத்தில் நின்றது அன்றைக்குத்தான். அப்போதும் கலந்து நிற்கவில்லை. அதனால்தான் இதை உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். இரண்டு பக்கமும் படியுங்கள்.

அமுலுவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். டாக்டர் எழுதிய கிறுக்கலைப் பார்த்த பார்வையில் படித்துவிடுவாள். என் வயதுதான். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. வாரத்தில் ஆறு நாள் நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு, கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சைக்கிள் பந்தயத்துக்கும் போவாள், பாறையும் ஏறுவாள். பரிசுக்காக இல்லை, சர்டிபிகேட்டுக்காக இல்லை. ஏன் என்று கேட்டால், "சைக்கிள்ல நிக்காம போய்கினே இருக்கலாம். பாறையில நின்னு யோசிச்சாத்தான் ஆவும். எனக்கு ரெண்டும் வேணும்டி, ஒன்னை மட்டும் வெச்சிகினு நான் இன்னா பண்றது?" என்பாள்.

அவள் அம்மாவுக்கு இது ஆறாத மனக்குறை. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் கூடத்துச் சுவரில் தொங்கிய கயிற்றையும் அதன் கீழே சாய்த்திருந்த சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காபியைக் குடித்துக் கிளம்பிவிட்டார்களாம். "கல்யாணம் பண்ணிக்கோன்னு சொன்னா, எம் பொண்ணு ரெண்டு கட்டிக்கினா. ஒருத்தன் சைக்கிளு, ஒருத்தன் பாறை. ரெண்டு மாப்பிள்ளைக்கும் ஒருத்தருக்கொருத்தர் ஆவாது" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். அமுலுவும் விடமாட்டாள். "ரெண்டு பேரும் உன்கிட்ட வரதட்சணை கேக்கல இல்ல? கம்முனு இரு" என்பாள். அவள் நைனா தறிக்குப் பின்னாலிருந்து சிரிப்பதை உதட்டசைவில்தான் பார்க்க முடியும், சத்தம் கேட்காது.

அம்மா விளையாட்டாகச் சொன்னாலும் உண்மை அதுதான். அந்த இரண்டுக்கும் ஒத்தே வராது. சைக்கிளுக்குத் தொடை வேண்டும். பாறையில் அந்தத் தொடை சும்மா தொங்கும் சுமை. பாறைக்குத் தோளும் கையும் வேண்டும். சைக்கிளில் அவை காற்றைப் பிடித்து இழுக்கும். காலையில் கனகம்மாசத்திரம் வரை மிதித்துவிட்டு வந்தால் பாறையில் கால் நடுங்கும். பாறை ஏறிய மறுநாள் விரல் வீங்கி பிரேக்கைப் பிடிக்க முடியாது. "பாறைமேல தொங்கறதுக்கா உனக்கு நான் சைக்கிளு கட்டிக்குடுத்தேன்?" என்று தணிகாசலம் அண்ணன் கத்துவார். நாங்கள் மட்டும் என்ன, "அந்தத் தொடையைக் கழட்டி வீட்ல வெச்சிட்டு வாடி" என்போம். அவள் இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் வருவாள். எல்லாவற்றிலும் சண்டை போட்ட அந்த இரண்டு ஆட்டமும் ஒன்றே ஒன்றில்தான் ஒத்துப்போயின. ஆள் லேசாக இருக்க வேண்டும். மலைப்பாதையில் மிதிக்கவும் லேசு நல்லது, விரல் நுனியில் தொங்கவும் லேசு நல்லது. அவளைக் கொன்ற நோய் வந்து உட்கார்ந்தது சரியாக அந்த இடத்தில்தான்.

அமுலு சாப்பாட்டு ராமி. கனகம்மாசத்திரத்தில் ரோட்டோர டீக்கடை ஒன்றில் சைக்கிள்காரர்கள் நிற்பார்கள். அங்கே அவள் பஜ்ஜி சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்து மாஸ்டரே, "யம்மா, எண்ணெய்ல இருந்து எடுக்க வுடு" என்பாராம். அப்படிப்பட்டவள் ஆடிக் கிருத்திகைக்குக் கொஞ்சம் முன்னால் சாப்பாட்டைக் குறைத்தாள். இரண்டு வாய் தின்றதும் வயிறு நிறைந்துவிடுகிறது என்றாள். பெண்ணுக்குக் கடைசியில் பக்தி வந்து, நல்ல வரன் கிடைக்க முருகனுக்கு விரதம் இருக்கிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தில் சொல்லிச் சந்தோஷப்பட்டார். தணிகாசலம் அண்ணனோ, மலைப்பாதைப் பந்தயத்துக்காக உடம்பை இறக்குகிறாள் என்று நினைத்தார். பாறைக்காகத்தான் என்று நாங்கள் நினைத்தோம். ஆளுக்கொரு காரணம் கையில் இருந்தது. எல்லாம் நல்ல காரணங்கள். அவள் மட்டும் கடையில் தன் கைக்கு எட்டிய அசிடிட்டி மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள்.

எங்களுடைய பெரிய நாள் ஒன்று உண்டு. ஊருக்கு வெளியே கரட்டில் ஒரு பாறை வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். நாங்கள் அதைப் பானைக்கல் என்போம். வயிற்றைத் தாண்டும் இடத்தில் காலுக்குப் பிடிப்பு கிடையாது, முழு உடம்பும் விரலில் நிற்க வேண்டும். எங்களில் யாரும் தாண்டியதில்லை. கிருத்திகைக்கு வெளியூர்க் காவடிக் கூட்டம் வந்து ரோடெல்லாம் அடைத்துக்கொண்டதால் சைக்கிள் பயிற்சி இல்லை. அமுலு எங்களோடு வந்தாள். அவள் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் கீழே பிடித்தது நான். இரண்டு தடவை அந்த இடத்தில் கை நழுவிக் கயிற்றில் தொங்கினாள். அவளைத் தாங்க நான் சிரமப்படவே இல்லை. "இன்னாடி, இவ்ளோ லேசா கீறே! எனக்கும் சொல்லிக்குடு" என்று கத்தினேன். மூன்றாவது தடவை தாண்டிவிட்டாள். உச்சியில் உட்கார்ந்து கையை ஆட்டினாள். தூரத்தில் மலையிலிருந்து அரோகரா சத்தம் கேட்டது. நாங்கள் கைதட்டினோம். கை சிவக்கச் சிவக்கத் தட்டினோம். அதன் வீடியோ உங்களில் பலரிடம் இன்னும் இருக்கும். அழித்துவிடாதீர்கள், ஆனால் எனக்கு அனுப்பாதீர்கள்.

அதற்கப்புறம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோயில் மலைப்பாதையில் எல்லோருக்கும் முன்னால் ஏறுகிறவள் கடைசியாக வந்தாள். லேசானவள் வேகமாகத்தானே ஏற வேண்டும்? அதை யோசிக்கவேண்டிய நேரத்தில் நாங்கள் சண்டை போட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலையடிவாரத்தில், பூக்கடைக்குப் பக்கத்தில். தணிகாசலம் அண்ணன் என்னைப் பார்த்து, "நீங்க பாறைல தொங்க வெச்சி அந்தப் பொண்ணு உடம்ப உறிஞ்சிட்டீங்க. கால்ல ரத்தமே இல்ல" என்றார். நான் விடுவேனா? "நீங்கதான் விடிகாலையில மிதிக்க வெச்சி சாவடிக்கிறீங்க. சைக்கிள ஒரு மாசம் பூட்டி வெக்கச் சொல்லுங்க, சரியாயிடும்" என்றேன். அமுலு சைக்கிளைப் படுக்கப்போட்டுவிட்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க, எதை வுடணும்னு. நான் அதுவரைக்கும் உக்காந்துகினு கீறேன்" என்றாள். பூக்காரம்மா சிரித்தார், நாங்களும் சிரித்துவிட்டோம்.

கால்ல ரத்தமே இல்லை என்று அவர் சொன்னது பேச்சுக்குச் சொன்னது. ஆனால் உண்மையிலேயே அவள் உடம்பில் ரத்தம் இல்லை. கொஞ்ச நாளில் கடையிலேயே மயங்கி விழுந்தாள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவள் நைனாவும் நானும் கூட்டிக்கொண்டு போனோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புற்று, கல்லீரல்வரை போயிருந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷர். "இவ்வளவு எடை குறைஞ்சிருக்கே, யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார். நைனா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அமுலுதான் பதில் சொன்னாள். "கவனிச்சாங்க சார். எல்லாரும் கைதட்டினாங்க." அவள் குத்தலாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். டாக்டருக்குப் புரியவில்லை.

மருந்து ஏற்றிய மாதங்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அவள் அதைத் தணிகாசலம் அண்ணனிடமும் கேட்டிருக்கிறாள் என்று சாவு வீட்டில்தான் தெரிந்தது. "நான் ஏதாவது ஒன்னை வுட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் இல்ல? பாறை மட்டும்னா சைக்கிள் மேல பழி போட முடியாது. சைக்கிள் மட்டும்னா பாறை மேல போட முடியாது. அப்பவே டாக்டர்கிட்ட போயிருப்பேன் இல்ல?" நான் இல்லை என்றேன். அவரும் இல்லை என்றாராம். உண்மையில் இரண்டு பேருக்கும் தெரியாது. டாக்டரையும் கேட்டுப் பார்த்தேன், அவருக்கும் தெரியவில்லை. முன்னாலேயே பார்த்திருந்தால் ஒருவேளை, என்று இழுத்து நிறுத்திக்கொண்டார். அந்த ஒருவேளையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சாவு வீட்டில் ஒருவர், பொம்பளைப் பிள்ளை உடம்பை இப்படி வருத்திக்கொண்டால் இதுதான் நடக்கும் என்றார். நான் எழுந்து கத்துவதற்குள் தணிகாசலம் அண்ணன் கத்திவிட்டார். "யோவ், தெரிஞ்சா பேசு, தெரியலனா எழுந்து போ!" எத்தனையோ வருஷத்தில் அவர் பேசியதில் நான் முழு மனதோடு ஒப்புக்கொண்ட முதல் பேச்சு அது. அவளைப் பாறையும் கொல்லவில்லை, சைக்கிளும் கொல்லவில்லை. இன்னொருவர் எனக்கு ஆறுதலாக, பிடித்ததைச் செய்துகொண்டே போய்விட்டாள் என்று போனில் எழுதி அனுப்பியிருந்தார். இல்லை ஐயா. கட்டிலில் கிடந்து, கஞ்சிகூட இறங்காமல், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். அதைப் பூசி மெழுகாதீர்கள்.

இறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போயிருந்தேன். அம்மா கஞ்சி சூடு பண்ண உள்ளே போயிருந்தார். படுக்கை விரிப்பை மாற்ற வேண்டும், கொஞ்சம் தூக்கு என்றாள் அமுலு. முதுகுக்குக் கீழே ஒரு கையும் முழங்காலுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்துத் தூக்கினேன். கனமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கியதில் என் கை தேவைக்கு மேல் எழும்பிவிட்டது. தோய்த்துக் காயப்போட்ட துணிகளை அள்ளுவதுபோல இருந்தது. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். என் முகத்தையே பார்த்தாள். எங்கள் கூட்டத்தில் ஒருத்தரை ஒருத்தர் திட்ட வேண்டும் என்றால் கனம் என்றுதான் திட்டுவோம். என் வாயில் அதுதான் வந்தது.

"இன்னாடி, இந்தக் கனம் கனக்கறே? அம்மிக்கல்லா நீ? என் இடுப்பு போச்சி."

அவள் சிரித்தாள். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் சிரித்தது. விரிப்பை மாற்றுவதை மறந்து நான் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பொய்யி" என்றாள்.

"ஆங், உனக்கு ரொம்பத் தெரியும்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே, "இன்னொரு தபா சொல்லு" என்றாள்.

சொன்னேன். அம்மா கஞ்சியோடு வரும்வரை சொன்னேன். நிறுத்தினால் கண்ணைத் திறந்து பார்ப்பாள், மறுபடி சொல்வேன். அவள் சைக்கிள் தணிகாசலம் அண்ணன் கடையில் இருக்கட்டும். கயிற்றைப் பாறைக்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும். என்னிடம் இருப்பது அந்த மத்தியானமும், தாங்க முடியாத கனம் என்று நான் சொன்ன பொய்யும்தான். அன்று பொய்யாக இருந்தது, இப்போது அவ்வளவும் நிஜம்.