சாலமோன் அண்ணன் முடுக்கிய போல்ட் சரியாகத்தான் இருந்தது

போன மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம். ஒயிட்ஃபீல்டு குடோனில் அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சாலமோன் அண்ணனின் மனைவி எஸ்தர் அக்கா போன் செய்தார். "தம்பி, உங்க அண்ணன் இன்னிக்கு லீவு போட்டிருந்தாருல்ல, சாப்ட்டுட்டுப் படுத்தாரு. டீக்கு எழுப்புனேன், எழுந்துக்கல," என்றார்.

கிடைத்த வண்டியைப் பிடித்து எங்கள் ஊரான மாரிகுப்பத்துக்குத் திரும்பும்போது, மாலூர் தாண்டியதும் போன் கூவியது. பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு அது. நானும் அதில் ஒரு மூலையில் இருக்கிறேன். யாரோ சாலமோன் அண்ணன் இறந்த செய்தியைப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, எங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்ற பெங்களூர்க் கடைக்காரன் அவருடைய படத்துக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஒட்டி இங்கிலீஷில் எழுதியிருந்தான். பெரியவரின் ஆன்மா சாந்தியடையட்டுமாம். வண்டி வேலையை விவரம் தெரிந்த இடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பதற்கு அவர் நம் எல்லோருக்கும் ஒரு பாடமாம். அதற்கு ஆதாரமாக ஒரு கடிதத்தையும் படம் எடுத்துப் போட்டிருந்தான். காரின் பிரேக் டிஸ்க் உடைந்ததற்கு மெக்கானிக் போல்டைச் சரியாக முடுக்காததுதான் காரணம் என்று அதில் இருக்கிறது. கீழே இருக்கிற கையெழுத்து என்னுடையது.

ஆகவே இது ஒழுங்கான அஞ்சலியாக இருக்காது. ஒழுங்கான அஞ்சலியை சபையில் போதகர் படித்துவிட்டார், எல்லோரும் அழுதோம். நான் கோபத்தில் எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

சாம்பியன் ரீப்ஸ் சர்ச்சில் மின்விசிறியும் மைக்கும் பழுதானால் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருகிறவராக உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். எனக்கு ரயில் சிநேகிதம். எங்கள் கோலார் தங்கச் சுரங்கம், அதாவது மைன்ஸ், மூடிய பிறகு அவர் பெங்களூரில் ஒரு பேக்டரியில் ஃபிட்டராக இருந்தார். நான் குடோன் ஆள். ஒரே கோச், ஒரே கதவோரம், பதினெட்டு வருஷம்.

மைன்ஸில் அவர் கேஜ் வேலை பார்த்தவர். ஆட்களைப் பூமிக்குள் இறக்கும் இரும்புக் கூண்டுதான் கேஜ். இதை இப்போது நம் பிள்ளைகளுக்கே விளக்க வேண்டியிருக்கிறது. கேஜின் கொக்கியையோ கம்பிவடத்தையோ தொட்டு வேலை செய்தால், செய்த ஃபிட்டரே முதலில் அதில் தனியாக ஏறி அடிவரை போய்வர வேண்டும். அதற்குப் பிறகுதான் ஷிஃப்ட் ஆட்கள். ஒரு தடவை புதிதாக வந்த அதிகாரி ஒருவர், நேரமாகிவிட்டது, ஆட்களை ஏற்று என்று அவசரப்படுத்தினாராம். அண்ணன் கேஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "நான் போயிட்டு வரேன் சார். வரலன்னா ஆள ஏத்தாதீங்க," என்றாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "போட்டவன்தான்பா மொதல்ல எறங்கணும்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். எங்கள் முதலாளியின் மகன் ஒரு காலத்தில் ஓட்டித் தீர்த்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று குடோனுக்குப் பின்னால் கொடி படர்ந்து கிடந்தது. இரண்டே சீட். என் மகள் பவித்ராவைவிட வயதில் மூத்தது. பவித்ரா ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு கோலாரில் ஒரு சர்வீஸ் சென்டரில் இருக்கிறாள். காலி ஓடுபாதையில் ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்க்கும் போட்டி ஒன்று நடக்கிறது, அதில் ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. "எடுத்துட்டுப் போறதானா போ," என்றார் முதலாளி. ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போடவே இரண்டு தடவை முயற்சி செய்கிற நான், அந்தக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்கு முன்னால் இறக்கினேன். எதிர்வீட்டு முனியம்மாக்கா சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இன்னா குமாரு, மீதிப் பாதி எப்ப வருது?" என்றார்.

மீதிப் பாதியை ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரிகள் விற்றார்கள். பழைய காருக்கு கம்பெனி சாமான் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் வெளிச் சரக்கு. அதன் மேல் ரேஸ் என்று எழுதியிருக்கும். பவித்ரா வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டே இருக்க, படத்தைப் பார்த்து நான் மயங்குவேன். ஒருவன் அனுப்பிய சைலன்சர் மோட்டார் சைக்கிளுடையது. இன்னொருவன் அனுப்பிய ஸ்பிரிங் வேறு மாடலுடையது. மாட்டினால் வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு சாமி கும்பிடுவதுபோல் நின்றது. ஏர் ஃபில்டரை மாட்டினால் பதினைந்து குதிரைசக்தி கூடும் என்றான் மூன்றாமவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரார் வண்டிகளைப் பழுது பார்க்கும் அண்ணன்தான் இதற்கும் மெக்கானிக். ஒவ்வொன்றையும் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் நீட்டுவார். "பதினஞ்சு குதிரையும் ஓடிப்போச்சுபா. சாணி மட்டுந்தான் கீது," என்றார் அந்த ஃபில்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு.

நான் மனம் தளரவில்லை. மனம் தளராதவன் எவ்வளவு ஆபத்தான ஆள் என்று இப்போது தெரிகிறது.

பிரேக் டிஸ்க் வாங்கியது இந்த மெழுகுவர்த்திக் கடைக்காரனிடம். துளை துளையாகப் போட்ட டிஸ்க். சக்கரத்தோடு சுற்றும் இந்த இரும்புத் தட்டைப் பிடித்துத்தான் வண்டி நிற்கிறது. நான் கடைக்கே போய்க் கேட்டேன். "நம்ம சரக்கு ரேஸ் ஸ்பெக் அங்கிள்," என்றான். ஊருக்கு வந்து அதையே பெருமையாகச் சொன்னேன். "இன்னா ரேஸு? வேகமா போற ரேஸா, நிக்காம போற ரேஸா?" என்றார் அண்ணன். அளவு சரியாக இருந்தது. எடையில் மட்டும் இடது டிஸ்க் வலதைவிடக் கொஞ்சம் குறைவு. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். திருப்பி அனுப்பலாம் என்றார். போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது என்று நான்தான் நச்சரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து மாட்டினார். எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் அளவுச் சாவியால் ஒவ்வொரு போல்டையும் முடுக்கி, போல்டிலிருந்து சக்கரம்வரை மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்தார். போல்ட் துளி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பவித்ரா ஹெல்மெட் போட்டு சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"எறங்கு கண்ணு."

"நான் மெதுவாத்தான் போவேன் மாமா."

"மெதுவா போறதுக்கு எதுக்கு இத்தன செலவு? எறங்கு. போட்டது நானு."

"மாமாக்கு ரேஸ் ஆச வந்துடுச்சு," என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

அறுபத்தேழு வயதில் அந்தப் பள்ளமான சீட்டுக்குள் அவர் உடம்பை மடித்து நுழைந்ததைப் பார்த்து நான்கூடச் சிரித்தேன். நந்திதுர்க் பக்கம், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டை ஒட்டி இறங்கும் ரோட்டில், ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, மூன்று தடவை அழுத்திப் பிரேக் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லிப் போனார். இரண்டு தடவை நின்றது. மூன்றாவது தடவை ஒரு சத்தம் கேட்டது. கல் உடைக்க வெடி வைத்தார்களோ என்று நினைத்தேன். வண்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் மண்மேட்டில் மூக்கு புதைய நின்றது. நாங்கள் ஓடினோம். அந்த மண் மெத்தென்று இல்லாமல் கல்லாக இருந்திருந்தால் அன்றைக்கே இந்த அஞ்சலியை எழுதியிருப்பேன். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. நெற்றியெல்லாம் வெள்ளை மண். "பாப்பா எங்க?" என்று கேட்டார். பக்கத்தில் நிற்கிறாள் என்றோம். "செரி," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இடது டிஸ்க் இரண்டாகப் பிளந்திருந்தது. உடைந்த வாயில், பழைய ரொட்டியைப் பிய்த்ததுபோல் உள்ளே பொத்தல் பொத்தலாக இருந்தது. வார்க்கும்போதே காற்று புகுந்த இரும்பு. நான்கு மஞ்சள் கோடுகளும் உடையாமல் அப்படியே இருந்தன. இதைப் பவித்ரா படம் எடுத்தாள், நான் கடைக்காரனுக்கு அனுப்பினேன்.

அவன் போனில் ஒரு தடவையாவது அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. "ஃபிட்டிங் யாரு சார் பண்ணது? சர்டிஃபிகேட் இருக்கா? மைன்ஸ்ல வேல செஞ்சவரா? அதான் சார்," என்றான். நான்கு நாள் கழித்துக் குரல் தேனாக மாறியது. ஒரு கடிதம் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டால் புது செட் உடனே வரும், போட்டிக்கு முன்னால் மாட்டிவிடலாம், சும்மா ஃபார்மாலிட்டி என்றான்.

நான் பத்தாவதில் இங்கிலீஷில் தவறியவன். அதை வைத்து இங்கே தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை எனக்கு வந்தது, மறைக்கவில்லை. ஆனால் குடோனில் முப்பது வருஷம் இங்கிலீஷ் சீட்டுகளைப் படித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். அந்தக் கடிதத்தில் ஏழு வரி. அண்ணனைப் பற்றிய வரி நான்காவது. எனக்கு நன்றாகவே புரிந்தது. பவித்ரா சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், அண்ணனுக்கு இது தெரியவா போகிறது, அவரிடம் இருப்பது பட்டன் போன்தானே என்று கணக்குப் போட்டேன். கையெழுத்துப் போட்டேன். என் மகள் உட்கார்ந்த சீட்டில் அவளை இறக்கிவிட்டு உட்கார்ந்து எலும்பை உடைத்துக்கொண்ட மனிதருக்கு எதிராக. அவர் கட்டுப்போட்டுப் படுத்திருந்த அதே வாரம்.

புது செட் வந்தது. தூக்கிப் பார்த்தேன். அதே சரக்குதான். மாட்டத் தைரியம் இல்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். போட்டி நாளும் வந்து போனது. கடைக்காரன் அந்தக் கடிதத்தை அப்போதே குழுவில் போட்டான். நான் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ராபர்ட்சன்பேட்டையிலிருந்தும் பங்காரப்பேட்டையிலிருந்தும் அண்ணனிடம் வண்டி கொண்டுவந்தவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். "வயசாச்சுன்னு பாவம் பாத்து வுட்டுட்டானுங்கபோல," என்று அவர் சொன்னபோதும் நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

தோள் கூடிய பிறகு நான்கைந்து தடவை கேட்டேன், வேறு டிஸ்க் வாங்கி மாட்டலாமா அண்ணா என்று. "தோள் வலிக்குதுபா," என்பார். நம்பினேன். சர்ச் ஏணியில் ஏறும்போது அந்தத் தோள் வலிக்கவில்லை என்பதை எப்படிக் கவனிக்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை. ரயிலில் வழக்கம்போல எனக்கு இடம் போட்டு வைப்பார், எஸ்தர் அக்கா கொடுத்த புளிச்சோற்றில் பாதியைத் தருவார். எதுவும் குறையவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அக்காவிடம் போய், கடிதத்தைப் பற்றிச் சொல்லி அழலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வாக்கியத்திலேயே நிறுத்திவிட்டார்.

"தெரியும் தம்பி. அவருக்கும் தெரியும். சபைல ஒரு பையன் அப்பவே போன்ல காட்டிட்டான்."

"ஒரு வார்த்த கேக்கலையே அக்கா."

"நான் கேக்கச் சொன்னேன். 'பொண்ணுக்காகப் போட்டான், போவட்டும். ஆனா இனிமே அவன் வண்டில நான் கை வெக்க மாட்டேன்'னாரு. உன்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை.

"வேற இன்னா சொன்னாரு?"

"வேற ஒண்ணும் சொல்லல. சாப்புடு, மூஞ்சி வாடிக் கீது," என்று தட்டை வைத்தார். சாப்பிட்டேன். அந்த வெட்கங்கெட்ட காரியத்தையும் எழுதிவிடுகிறேன்.

கடைக்காரனுக்குச் சொல்கிறேன். உன் கடைப் பெயரை எழுதப்போவதில்லை, விளம்பரமாகிவிடும். நீ இரும்பு என்று சொல்லிக் காற்றை விற்றாய். ஒருவர் உடம்பு உடைந்தது. கேட்க நாதியில்லை என்று தெரிந்ததும் அவர் கைவேலையைக் குறை சொன்னாய். செத்த பிறகும் விடாமல் மெழுகுவர்த்தி ஏற்றி வியாபாரம் செய்கிறாய். அந்தத் தைரியத்தை உனக்குக் கொடுத்தது என் கையெழுத்து. உன்மேல் எனக்குள்ள கோபத்தில் சரிபாதி எனக்கும் சேர வேண்டியது, அதை நான் எடுத்துக்கொள்கிறேன். நான் எழுதிக் கொடுத்தது பொய். போல்டுகள் சரியாக முடுக்கப்பட்டிருந்தன. உன் டிஸ்க் வார்ப்பிலேயே கெட்டது. இதைத் தமிழில் இங்கும் இங்கிலீஷில் குழுவிலும் எழுதிவிட்டேன். பவித்ரா படித்துவிட்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். அதற்குப் பிறகு இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. உடைந்த டிஸ்க் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அண்ணனிடம் வண்டி கொண்டுவருவதை நிறுத்தியவர்களே, வந்து பாருங்கள். உங்களுக்கும் அவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை இருக்கிறது. அக்காவிடம் போய்ச் சொல்லுங்கள்.

மற்றவர்களிடம் அவருடைய ஏணி இருக்கலாம், வெர்னியர் இருக்கலாம், நல்ல வார்த்தைகள் இருக்கலாம். சோறு போட்டார், இடம் போட்டு வைத்தார், ஆனால் என் வண்டியைத் தொடவில்லை. எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த மறுப்பு ஒன்றுதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன். அவர் மன்னித்துவிட்டார் என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.