சொல்லாமல் விட்ட ஸ்டாப்

“...அதாலை, ஆஸ்பத்திரி வந்திட்டுது எண்டு நீங்கள் எனக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தம்பி.”

சில வருடங்களுக்கு முன், திருமயத்திலிருந்து புதுக்கோட்டை போகும் டவுன் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தபோது, டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஒரு அம்மா இப்படிச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டாப் பேரைச் சத்தம் போட்டுச் சொல்வதுதானே என் பிழைப்பு.

பக்கத்தில் இருந்த மகள் விவரம் சொன்னாள். ரோட்டோரம் உள்ள இலங்கை அகதிகள் முகாமில் குடியிருப்பவர்கள். இலங்கையில் சண்டை நடந்தபோது ஷெல் விழுந்து, இடிந்த சுவர் அம்மாவின் தலையில் சரிந்திருக்கிறது. உயிர் பிழைத்துப் படகேறி வந்துவிட்டார். ஆனால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோவார். தெரிந்த தெருவிலேயே வழி தவறுவார். கிறுக்கு என்று சிலர் ஒதுக்கினார்களாம். வெகுகாலம் கழித்துத்தான் ஒரு டாக்டரம்மா, இது தலைக்காயத்தால் வந்தது, பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறலாம் என்று சொல்லியிருக்கிறார்.

அந்தப் பயிற்சிக்குத்தான் வாராவாரம் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் வருவதும் பயிற்சியில் சேர்த்தி. வழியில் அடையாளம் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். ரயில்வே கேட், பெட்ரோல் பங்க், பச்சைச் சுவர் வைத்த கல்யாண மண்டபம். மண்டபம் தாண்டியதும் எழுந்துவிட வேண்டும்.

மகளுக்குத் திருச்சியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. அம்மா தனியாகப் போய்வரப் பழகினால்தான் அவள் கிளம்ப முடியும். “இவள் படிக்காமல் விட்டால், அந்தச் சுவர் இவளின்ரை தலையிலையும் விழுந்த மாதிரித்தானே, தம்பி” என்றார் அந்த அம்மா. இந்தப் பேச்சை அதற்கப்புறம் நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

சொல்வது சுலபம், சொல்லாமல் இருப்பதுதான் பெரும்பாடு. எங்கள் பஸ்ஸில் ஒருத்தர் இறங்கும் இடம் மற்ற எல்லாருக்கும் தெரியும். தினமும் கீரைக்கூடையோடு வரும் ஒரு பெண், “யக்கா, எறங்குக்கா, ஒன் எடம் வந்துருச்சு” என்று தோளைத் தட்டிவிடுவார். அம்மாவின் முகம் சுண்டிப்போகும். நான் விஷயத்தை எடுத்துச் சொன்ன பிறகு, அதே பெண் காவலுக்கு நின்றார். யாராவது வாயெடுத்தால், “செத்த பேசாம வாங்கய்யா, அக்கா பாடம் படிக்குதுல்ல” என்று அதட்டுவார். மண்டபம் நெருங்கும்போது பஸ்ஸே மூச்சை அடக்கிக்கொள்ளும். விரலை மடக்கிக்கொண்டு அந்த அம்மா எழுந்ததும், டிரைவர் உட்பட எல்லார் முகத்திலும் ஒரு சிரிப்பு. அப்படி ஒரு பஸ்ஸில் அப்புறம் நான் வேலை பார்க்கவில்லை.

மகள் இல்லாமல் அவர் தனியாக ஏறிய முதல் நாள். கேட் வந்தது, பங்க் வந்தது, விரல்கள் மடங்கின. ஆனால் மண்டபத்துக்குப் புதிதாக ரோஸ் பெயின்ட் அடித்துவிட்டார்கள். அந்த அம்மா பச்சைச் சுவரைத் தேடியபடியே உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நாலு பேர் இறங்கினார்கள். கீரைக்காரப் பெண் என் கையைக் கிள்ளி, “என்னய்யா, வாயில கொழுக்கட்டையா? சொல்லித் தொலையேன்” என்று கிசுகிசுத்தார். இவர் தொலைந்துபோனால் அந்தப் பிள்ளையின் படிப்பும் போச்சே. ஆனாலும் விசிலை ஊதினேன். பஸ் நகர்ந்துவிட்டது.

அடுத்த ஸ்டாப் வந்ததும் அவர் திடுக்கிட்டு எழுந்தார். நான் தாங்க மாட்டாமல், “அம்மா, ஆட்டோ பிடிச்சு விடவாங்க?” என்றேன்.

“வேண்டாம் தம்பி. விட்டிட்டு வந்ததை நானே கண்டுபிடிச்சிட்டன்” என்று சொல்லி, கம்பியைப் பிடித்து இறங்கினார். பஸ் கிளம்ப, நான் படியில் தொங்கியபடி பின்னால் பார்த்துக்கொண்டே போனேன்.

மகள் அந்த வருடமே திருச்சியில் சேர்ந்தாள். எனக்கு முழங்கால் தேய்ந்து இப்போது திருமயத்தில் பெட்டிக்கடை. யாராவது தடுமாறி நின்றால் இன்னும் என் வாய் முந்தத்தான் செய்கிறது. அப்போதெல்லாம், ரெண்டு பக்கமும் பார்த்து ரோட்டைக் கடந்து, எதிரே வந்த பஸ்ஸுக்குத் தானே கைகாட்டி நிறுத்திய அந்த அம்மா என் கண்முன் வந்து நின்று என்னைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார்.