பஞ்சர்காரரின் மூன்று போன்கள்

காலை ஐந்தே முக்காலுக்கு, முதல் டயர் வருவதற்கு முன்பே, யாவ் துமாசி பால்பவுடர் டப்பாவைத் திறந்து மூன்று போன்களையும் பெஞ்சின் மேல் வரிசையாக வைக்கிறார். மூன்றும் பழையவை. மேல்பாதியைத் தள்ளினால் அடியிலிருந்து ஒரு முழுக் கீபோர்டு வெளியே வரும் வகை. ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து, ஒருமுறை மூடி, காதருகே வைத்துச் சத்தம் கேட்கிறார். அதன் பிறகுதான் அன்றைக்கு எது சட்டைப்பைக்கு, எது டப்பாவுக்கு என்று முடிவாகும். கம்ப்ரசரைக்கூட இவ்வளவு அக்கறையாக அவர் பார்த்து நான் கண்டதில்லை.

கம்பெனிக்காரன் வைத்த பெயர்களை யாவ் மதிப்பதில்லை. முதல் போனுக்குப் போலீஸ்காரர் என்று பெயர்; அடியில் விரல் நகத்தைச் செருகினால்தான் திறக்கும், சும்மா கேட்டால் அசையாது. இரண்டாவது பாதிரியார், திறந்துவிட்டால் லேசில் மூடாது, குரலும் கணீரென்று இருக்கும். மூன்றாவது டீச்சர், நீங்கள் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் தப்பென்று நினைத்துத் திருத்தும்.

ஒப்பிட ஆரம்பித்தால் மனிதர் ஓயமாட்டார். போலீஸ்காரருக்கு மூன்று வரிசை பட்டன். ஒவ்வொன்றும் புடைத்துக்கொண்டு தடித்த கட்டைவிரலுக்கு அடங்கும், பார்க்காமலே அடிக்கலாம். டீச்சருக்கு நாலு வரிசை. எண்களுக்குத் தனி வரிசை உண்டு, ஆனால் பட்டன்கள் நெருக்கம், ஒன்றை அழுத்தினால் பக்கத்து வீட்டுக்காரனும் எழுந்து வருவான். எங்கள் த்வி மொழியில் ஆங்கிலத்தில் இல்லாத இரண்டு எழுத்து உண்டு; அவற்றுக்கு எந்தப் போனிலும் பட்டன் கிடையாது. அவற்றுக்குப் பதில் மூன்று என்ற எண்ணையும் அரை அடைப்புக்குறியையும் போட்டு ஊரே சமாளிக்கிறது. அந்த மூன்று, டீச்சரிடம் ஒரே தட்டில் வரும். போலீஸ்காரரிடம் இன்னொரு பட்டனைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பாதிரியாருக்கு உள்ளே ஓடும் பட்டை வயர் தேய்ந்து பாதிக் கீபோர்டு செத்துவிட்டது. இருந்தாலும் அவரைத் தூக்கிப் போட யாவுக்கு மனம் வரவில்லை.

ஞாபகசக்தியிலும் வித்தியாசம் உண்டு. போலீஸ்காரருக்கு இருநூறு மெசேஜ்தான் கொள்ளும், அதற்கு மேல் பழையதைத் தானாகவே விழுங்கிவிடும்.

"அவருகிட்ட குடுத்த மனு என்னிக்குத் தங்கியிருக்கு?" என்பார் யாவ். "டீச்சர் அப்படி இல்ல. ரெண்டாயிரம் இருந்தாலும் தேதியோட எடுத்துக் குடுக்கும்."

இதையெல்லாம் அவர் இவ்வளவு சரளமாகச் சொல்லவில்லை. யாவுக்குத் திக்குவாய். அவர் திக்கியதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. கேட்டவர்கள் காத்திருந்தார்கள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் பலர் காத்திருக்கமாட்டார்கள். பக்கத்தில் கம்பங்கஞ்சியும் காராமணி வடையும் விற்கும் ஹஜ்ஜியா மெமுனா, அவர் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே மீதி வாக்கியத்தை முடித்துவைப்பாள். பாதி நேரம் தப்பாக முடிப்பாள். யாவ் 'கஞ்சி வேண்டாம்' என்று சொல்லத் தொடங்கி மூன்று கிண்ணம் குடித்த நாட்கள் உண்டு. அவருக்கு உலகத்தில் பிடிக்காத ஒரே விஷயம், தன் சொல்லை இன்னொருவர் எடுத்துக்கொள்வது.

நான் எங்கள் ஊர் ரேடியோ ஸ்டேஷனில் நேயர்களின் மெசேஜ்களைப் படிப்பவள். எங்கள் ஊரில் ரேடியோவுக்குப் போன் போட்டே பெயர் வாங்கியவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். விடிந்தால் லைன், பொழுது சாய்ந்தால் லைன். யாவ் அந்தக் கூட்டத்தில் சேர முடியாது. அவர் எழுதுவார். ஆறரைக்கு அறிவிப்பாளர் நானா பாது அன்றைய கேள்வியைக் கேட்டு வாய் மூடுவதற்குள் 'பஞ்சர் யாவ், குமாசி சாலை ரவுண்டானா' என்ற கையெழுத்தோடு முதல் மெசேஜ் வந்துவிடும். ஒட்டுப் போட்ட ட்யூப் சூட்டில் வேகும் இடைவெளியில், போனை இடுப்புக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, பார்க்காமலே அடிப்பார். பல வருடம் அவரைப் பெரிய வாயாடி என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் நான் வந்த ட்ரோட்ரோ என்னும் ஷேர் வேனின் டயர் அந்த ரவுண்டானாவில் வெடித்தது. ஆளைப் பார்த்தேன், பெயர் கேட்டேன். அவர் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டயரே மாட்டியாகிவிட்டது.

போன மாதம் நகராட்சியிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. ரவுண்டானாவை அழகுபடுத்தப்போகிறார்களாம். பஞ்சர் கடைகள் எல்லாம் மாத முடிவுக்குள் ஊருக்கு வெளியே, நாலு மைல் தள்ளி, செங்கல் சூளைப் பக்கம் போய்விட வேண்டும். யாவ் அந்த இடத்தில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வேறு தொழிலும் தெரியாது, வேறு இடமும் கிடையாது.

அதற்குப் பொறுப்பான அதிகாரி திரு. அமோவா ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் நிகழ்ச்சிக்கு வந்தார். முதல் மெசேஜ் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. நான் படித்தேன். அதிகாரி சிரித்தார்.

"எழுதிப் போடுறவங்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லிட்டிருக்க முடியாதும்மா. நெஜமாவே ஆள் இருந்தா லைன்ல வரட்டும்."

ஒரு நிமிடத்தில் லைன் வந்தது. பஞ்சர் யாவ் என்று திரையில் எண்ணைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நானா பாது வணக்கம் சொன்னார். மறுபக்கம் மூச்சு கேட்டது, கம்ப்ரசர் கேட்டது, "பேசேன் யாவ்" என்ற ஹஜ்ஜியா மெமுனாவின் குரல் கேட்டது. யாவின் குரல் மட்டும் கேட்கவில்லை. லைனில் ஐந்து விநாடி மௌனம் என்றால் துண்டிக்க வேண்டும் என்பது எங்கள் ஸ்டேஷன் சட்டம். துண்டிக்கும் பட்டன் என் கையில். ஏழு விநாடி ஆயிற்று. நான் அழுத்தவில்லை. ஏன் என்று எங்கள் ஸ்டேஷன் மேலதிகாரி பிறகு கேட்டபோது பட்டன் சிக்கிக்கொண்டது என்றேன்.

ஒன்பதாவது விநாடியில் என் திரையில் மெசேஜ் வந்தது.

'லைனில் இருப்பது நான்தான். கம்ப்ரசர் சத்தம் என்னுடையது. சிஸ்டர், படியுங்கள்.'

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குரல் கணீரென்று கேட்கும் பாதிரியாரைத் திறந்து பெஞ்சில் வைத்து லைனைப் பிடித்திருக்கிறார். கையில் போலீஸ்காரர். ஆள் லைனில் இருக்கிறார், பேச்சு மெசேஜில் வருகிறது. இப்படி ஒரு நேயர் வரக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

ஏழு மெசேஜ்கள் வந்தன. ஒவ்வொன்றாகப் படித்தேன். நகராட்சியின் குப்பை லாரிக்கு இந்த வாரம் மட்டும் இரண்டு டயர் இந்த ரவுண்டானாவில்தான் ஒட்டினேன் என்று எழுதியிருந்தார். லாரி எண்ணும் போட்டிருந்தார். சாலையை அடைத்து ஒருநாளும் வண்டி நிறுத்தவிட்டதில்லை என்றார். கடைசி மெசேஜ் சின்னது.

'பஞ்சரான வண்டி பஞ்சர் கடையைத் தேடி நாலு மைல் ஓடாது, சார்.'

  அதிகாரி அந்த லாரி எண்ணை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.  பிறகு, வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். பாதிரியாரை மூடும் சத்தம் லைனில் கேட்டது. மூன்றாவது தள்ளில்தான் மூடியது.

வெள்ளிக்கிழமை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ரவுண்டானாவுக்குப் போனேன். திரு. அமோவா வந்தார். சாக்கடையை எட்டிப் பார்த்தார், டயர்களை எண்ணினார், குப்பை லாரி டிரைவரைக் கூப்பிட்டு விசாரித்தார். டிரைவர் உண்மையைச் சொல்லித் தொலைத்தார். கடைசியில் அதிகாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சாக்கடைக்கு அந்தப்புறம் ஒரு வரிசை ஒதுக்கித் தருவதாகவும், அதுவரை யாரும் இங்கிருந்து நகர வேண்டாம் என்றும் சொன்னார். ஹஜ்ஜியா மெமுனா இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டு அவருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றினாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது.

யாவ் கைதட்டவில்லை. பால்பவுடர் டப்பாவைத் திறந்து மூன்று போன்களையும் பெஞ்சில் வரிசையாக வைத்தார். மூன்றையும் ஒருமுறை பார்த்தார். போலீஸ்காரரையும் பாதிரியாரையும் டப்பாவில் திருப்பிப் போட்டார். டீச்சரைத் திறந்து, திரையைத் தன் சட்டையில் துடைத்து, கீபோர்டு அதிகாரி பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"சொன்னத எழுதுங்க, சார்."

அந்த மூன்று சொல்லுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் சொல்லமாட்டேன். அதிகாரி காத்திருந்தார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தொடுதிரை போனுக்குப் பழகிய அவருடைய விரல்கள் முதலில் திரையைத் தட்டிப் பார்த்தன. பிறகு பட்டன்களுக்கு இறங்கின. ஒரு சொல் அடித்தார். டீச்சர் அதைத் திருத்தியது. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். தேதிக்கு வந்தபோது மாதத்தின் பெயர் பாதிதான் வந்தது. அடுத்த எழுத்து எங்கே இருக்கிறது என்று நாலு வரிசையிலும் தேடினார், நெற்றி வியர்த்தது, மறுபடி முதல் வரிசைக்குப் போனார். ஹஜ்ஜியா மெமுனாவுக்குப் பொறுக்கவில்லை. "அதோ, அந்த ஓரத்துல..." என்று விரலை நீட்டிக்கொண்டு வந்தாள்.

யாவ் அவள் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். பிறகு ஒரு டயரை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.