முன் படம், பின் படம்

எங்கள் உப்பு ஆலையின் பேக்கிங் ஹாலில் இரண்டு போர்டுகள் எதிரெதிராகத் தொங்கின. ஒன்றில், வேலைமுறையை யாரும் இம்மியும் மாற்றக் கூடாது என்று இருந்தது. மற்றதில், லைனுக்கு மாதம் இரண்டு புது யோசனை கட்டாயம் என்று இருந்தது. இரண்டையும் மாட்டியவர் ஒரே மேனேஜர். இரண்டையும் நடத்திக்காட்ட வேண்டியவள் லைன் சூப்பர்வைசராகிய நான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது சத்தம் போட அனுமதி உண்டு.

யோசனையைச் சும்மா சொல்லிவிட முடியாது. அதற்கு ஃபாரம் இருக்கிறது. மாற்றுவதற்கு முன் ஒரு போட்டோ, மாற்றிய பின் ஒரு போட்டோ. மாதத்துக்கு மூன்றாவதாக ஒன்று வந்தால் பாராட்ட ஆள் இல்லை. அடுத்த மாதம் ஒன்று குறைந்தால் விளக்கம் கேட்க ஆள் உண்டு. ஆகவே நல்ல யோசனைகளையெல்லாம் கருவாடு மாதிரி பத்திரப்படுத்தி வைத்தேன். ஒழுகும் குழாய் ஒன்று என் அனுமதியோடு மூன்று மாதம் ஒழுகியது.

லைனின் கடைசியில் ஒரு அக்கா நிற்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சீல் போட்ட ஒரு கிலோ பாக்கெட்டுகள் தகரச் சரிவில் வழுக்கி வந்து தரையிலிருக்கும் ட்ரேயில் விழும். அவர் குனிந்து அள்ளி, நிமிர்ந்து, மூட்டைக்கு இருபத்தைந்தாக அடுக்க வேண்டும். ஷிப்ட் முழுக்க இதேதான். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார்.

ஒரு நாள் நான் போனபோது அவர் குனியவே இல்லை. மூன்று காலி ட்ரேக்களைக் கவிழ்த்து, சரிவின் கீழ்முனையை இடுப்புயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தார். சரிவு குறைந்து பாக்கெட் நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று, துரு ஏறிய தகரத்தின் மேல் வழவழப்பான பிளாஸ்டிக் உறையை விரித்திருந்தார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். அந்த மாதத்து யோசனை இரண்டையும் கொடுத்தாயிற்று. மேனேஜர் பார்த்தால் முதல் போர்டைத்தான் காட்டுவார்.

"அக்கா, இத எடுத்துருங்க. அடுத்த மாசம் முறைப்படி செய்வோம். முன் படம் வேற எடுக்கல."

"அப்போ என் முதுகு அடுத்த மாசம் வரைக்கும் காத்துக் கெடக்கணுமோ, மேடம்?"

"ரூல்ஸ் அப்படிக்கா."

எடுத்துவிட்டார். அடுத்த மாதம் ஏற்கெனவே பத்திரப்படுத்திய இரண்டு யோசனைகள் வரிசையில் முன்னால் நின்றன. அதற்கடுத்த மாதமும் அப்படியே. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை.

இதற்கிடையில் மேனேஜர் ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கிழமை மட்டும் எங்கள் லைனில் மூட்டை அதிகமாம். செவ்வாய்தான் நான் டவுன் ஆபீஸில் புதுமைக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நாள்.

"பாத்தீங்களா மேடம், மீட்டிங்கோட எஃபெக்ட்! வியாழக்கெழமையும் ஒண்ணு வச்சிருவோம்."

என்னத்தைச் சொல்ல? நான் இல்லாத நாளில் உற்பத்தி ஏறுகிறதென்றால், மூளையுள்ள யாருக்கும் என்மேல்தான் சந்தேகம் வர வேண்டும். அவருக்கு வரவில்லை. எனக்கு வந்தது.

முதல் வியாழக்கிழமையே தலைவலி என்று சொல்லிவிட்டு, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் ஸ்கூட்டியை நுழைத்து ஆலைக்குத் திரும்பினேன். அக்கா நிமிர்ந்து நின்று, பக்கத்தில் சீல் போடுகிறவளோடு சிரித்துப் பேசியபடி அடுக்கிக்கொண்டிருந்தார். சரிவு இடுப்புயரத்தில் இருந்தது.

"ஏளா, மேடம் வாராவ!" என்று யாரோ சொன்னார்கள்.

அக்கா காலால் ஒரு தள்ளு தள்ளினார். ட்ரேக்கள் சரிந்தன, தகரம் இறங்கியது, அவர் குனிந்தார். அத்தனையும் ஒரு நொடியில். பல செவ்வாய்க்கிழமைகள் பழகிய கால் அது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரப்பட என்னை விட்டால் அங்கே வேறு ஆளில்லை.

"வேண்டாம்க்கா. திரும்பத் தூக்கி வைங்க," என்றேன்.

உடனே போய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் தடுத்தது உட்பட. திட்டுவார் என்று பார்த்தால் மனிதர் குளிர்ந்துபோனார். "சூப்பர்! இந்த மாச யோசனையா இதையே போட்டுருங்க. முன் படம் மட்டும் மறந்துராதீங்க."

தலையிலடித்துக்கொள்ளாத குறையாகத் திரும்பி வந்து அக்காவிடம் கேட்டேன். ஒரே ஒரு படம், பழையபடி குனிந்து.

"நான் குனிஞ்சதெல்லாம் போதும். படம் உங்களுக்குத்தான வேணும்? நீங்க குனிங்க."

போனை அவர் கையில் கொடுத்தேன். சரிவைப் பழையபடி இறக்கி, துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு அள்ளினேன், நிமிர்ந்தேன், அடுக்கினேன். பாக்கெட்டுகள் எனக்காக நிற்கவில்லை. "இது ஆடிருச்சு," என்றார். "இதுல மொகம் தெரியல," என்றார். பிறகு மேடத்தையும் மறந்து, "ஏளா, இன்னும் கொஞ்சம் குனி," என்றார். ஒரு மூட்டை நிறைவதற்குள் இடுப்பு விண்ணென்று தெறித்தது.

இரண்டு படங்களும் இப்போது போர்டில் இருக்கின்றன. பின் படத்தில் அக்கா நிமிர்ந்து நிற்கிறார். முன் படத்தில் குனிந்திருப்பது யார் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அக்காதான் பதில் சொல்வார்.

"நம்ம மேடம்தான். ஒரு மூட்டை போட்டாவ."