வெட்டுவதற்கு முன் ஒரு பெயர்

பேராசிரியை தமிழ்ச்செல்வி இறந்த செய்தி மதியம் போனில் வந்தது. நான் கேட்ட முதல் கேள்வி, “எந்தக் கம்பெனியிலே?” பகலில் சாவுச் செய்தி வந்தால் சிவகாசிப் பக்கம் வேறெதுவும் வாயில் வராது. பட்டாசு விபத்தில்லை, மாரடைப்பு என்றார்கள். ஒரு நொடி ஆறுதலாக இருந்தது. அதற்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

மேடத்தின் அண்டார்டிகா பைத்தியம் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கெல்லாம் தெரியும். சிலிப் பக்கம் பூமி நடுங்கினால், ஓர் அலை நிலத்தின் மேலடுக்கை ஒட்டியே ஓடி, தென்துருவப் பனிக்கு அடியில் கடந்து, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எங்கள் கல்லூரியின் நிலநடுக்கம் பதியும் கருவிக்கு வந்து சேரும். சூடான பாறையில் அது சுணங்கும். குளிர்ந்து இறுகியதில் விரையும். பல ஊர்ப் பதிவுகளோடு அதைச் சேர்த்து, பனிக்கு அடியில் இருப்பதைப் படமாக வரைவார். “இந்த வெக்கையில உக்காந்து பனிக்கட்டிக்கு எக்ஸ்ரே எடுக்கீகளே மேடம்” என்று ஆய்வக உதவியாளனான நான் கிண்டல் செய்வேன். சிரிப்பார்.

ஒருநாள் அப்படியோர் அலை திரையில் நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, நடுவில் கூர்மையாக ஒரு துடிப்பு விழுந்தது. ஏதோ உள்ளூர் வெடியின் இரைச்சல், பதிவிலிருந்து வெட்டிவிடலாம் என்றேன். எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்வார்கள். மேடம் கீபோர்டிலிருந்து என் கையை எடுத்துவிட்டார். அவருடைய அம்மா பட்டாசு விபத்தில் போனவர்.

“வெட்டுறதுக்கு முன்னாடி அது யாருன்னு கேட்டுருவோம்ணே. மொதல்ல மதினி எங்கன இருக்காகன்னு பாருங்க.”

என் மனைவி மாரியம்மாள் பட்டாசுக்குத் திரி செருகும் வேலைக்குப் போகிறாள். கம்பெனிக்குள் செல்போன் கூடாது. கம்பெனி ஆபீஸ் போனை யாரும் எடுக்கவில்லை. பைக்கை எடுக்கப் போனேன். “இப்ப வண்டி ஓட்ட வேண்டாம்ணே” என்று மேடம் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். ஐந்தரை மணிக்குக் கம்பெனி வேன் வரும்வரை கல்லூரி வாசலில் என்னோடு நின்றார்.

மாரியம்மாள் இறங்கினாள். வெடித்தது வேறொரு கம்பெனி. அங்கே இறந்த இருவரின் பெயரை விசாரித்துப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் மேடம் அந்தத் துடிப்பை வெட்டினார். எத்தனை நாளானாலும் பெயர் தெரியாமல் வெட்டமாட்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வழக்கமும் இந்தப் பயமும்தான். நேற்றுக் காலை பதினொரு மணிக்கு ஒரு துடிப்பு விழுந்தது. கம்பெனி ஆபீஸ் போன் எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. வேன் வரும்வரை வாசலில் நின்றேன். மாரியம்மாள் இறங்கியதும், “மேடம், வந்துட்டா” என்று பக்கத்தில் திரும்பிச் சொன்னேன்.